தடை கேட்குமுன்...

சேலம் மாநகரிலே ஃபேர்லேண்ட்ஸ் என்று ஒரு பகுதி. சாரதா கல்லூரிச் சாலையை ஒட்டிய வீதிகள். மாடி வீடுகள், மருத்துவமனைகள், நகைக் கடைகள், நிறுத்த இடமின்றித் தெருவை அடைத்து நிற்கும் கார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு சிறிய தேநீர்க் கடை. காலை ஆறரை மணிக்கு அங்கே ஒரு சட்டமன்றம் கூடுகிறது! சபாநாயகர் இல்லை; வெளிநடப்பு இல்லை; வாக்கெடுப்பும் இல்லை. ஆனால் மசோதாக்கள் மட்டும் மளமளவென்று நிறைவேறும்.

சென்ற வாரம் அந்தச் சபையிலே நாமும் ஓர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அன்றைய விவாதப் பொருள்: “என்னிடம் ஒரு நாள் அதிகாரம் கொடுத்தால் எதையெல்லாம் தடை செய்வேன்?”

“ஹாரனை!” என்றார் ஓய்வு பெற்ற ஆசிரியர். “சிவப்பு விளக்கு எரிகிறது. எனக்குப் பின்னால் நிற்கிறவன் கண்ணுக்கும் அது தெரிகிறது. ஆனாலும் அமுக்குகிறான் ஐயா, அமுக்கிக் கொண்டே இருக்கிறான்!”

“பஸ்ஸிலே உட்கார்ந்துகொண்டு தன் செல்போன் பாட்டை ஊருக்கே போடுகிறானே, அவனை!” என்றார் கல்லூரி மாணவர்.

“புகையிலையைக் குதப்பி ஜன்னல் வழியே துப்புகிறவனை!” என்றார் பெயிண்ட் வேலை செய்யும் தோழர். அவர் சட்டையிலே அதற்கான சாட்சியமும் இருந்தது.

“ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் மைக் கட்டுகிறவனை!” என்றார் தேநீர் ஆற்றுபவர், கிளாசை நீட்டியபடியே.

“காலையிலே வாசலில் வந்து ‘கீரை, கீரை’ என்று கத்துகிறானே தள்ளுவண்டிக்காரன், அவனை!” என்றார் மாடி வீட்டுக்காரர் ஒருவர்.

“டவுன் பஸ்ஸிலே காசு கொடுக்காமல் ஏறி இடத்தை அடைத்துக்கொள்கிற பெண்கள் கூட்டத்தை!” என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்.

“கட்சிக்காரன் வைக்கிற பேனரை!” என்றார் கடைசியாக ஒருவர். சொன்னவர் திரும்பினார். நம் தோளிலே கிடந்த கரை போட்ட துண்டைப் பார்த்தார். பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்!

தோழர்களே! அந்த நண்பர் வாயை மூடிக்கொண்டாரே, அதுதான் இந்தத் தலையங்கத்தை எழுத வைத்தது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம்.

சில்லறைச் சங்கதிகள்தானே, இதற்கு ஒரு தலையங்கமா என்று கேட்கலாம். சில்லறைதான். ஆனால் ஏழையின் வாழ்க்கை சில்லறையால் ஆனது! பணக்காரன் ஹாரன் ஓசை கேட்காமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள் குளிரிலே போகிறான். இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்கும், நடந்து போகிறவனுக்கும் ஏற்றிக்கொள்ள எந்தக் கண்ணாடி இருக்கிறது? அம்மாப்பேட்டையில் தறியோடு மல்லாடுகிறவன், சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணைக் கொடுக்கிறவன், நாமக்கல்லிலே லாரிக்குக் கூடு கட்டுகிறவன், இவர்களுக்கு நாளெல்லாம் உழைத்த பிறகு மிச்சமிருப்பது சிறிது உறக்கம், சிறிது அமைதி. அதையும் ஒருவன் ஒலிபெருக்கியால் பறித்துக் கொண்டால் அது சில்லறையா, கொள்ளையா? செருப்புக்குள் புகுந்த கல் சிறியதுதான். ஆனால் பத்து மைல் நடக்க வேண்டியவனுக்கு அதுதான் மலை!

ஆகவே எரிச்சலைக் கேலி செய்யமாட்டோம். ஆனால் ஒரு கேள்வி கேட்போம். தடை வேண்டும், தடை வேண்டும் என்கிறோமே, தடை இல்லையா இன்று?

ஹாரனா? காரணமின்றி ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. ஒலிபெருக்கியா? 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்கு வாய்ப்பூட்டு போட்டிருக்கின்றன. குடியிருப்புப் பகுதியிலே பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு குறித்திருக்கின்றன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் இடம் வைத்திருக்கின்றன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்தந்திருத்தமாக எடுத்துரைத்தது. துப்புவதா? பொது இடத்திலே புகைப்பதற்கும் துப்புவதற்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2002லேயே வந்துவிட்டது. சுவரை அசிங்கப்படுத்துவதா? அதற்கு 1959லேயே சட்டம்! அந்தச் சட்டம் பிறந்தபோது நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர்கூட இல்லை. அது 1969இல் அல்லவா வந்தது!

பார்த்தீர்களா வேடிக்கையை? தேநீர்க் கடைச் சட்டமன்றத்திலே ஆவேசமாக நிறைவேறிய மசோதாக்களிலே பாதிக்கு மேல், கோட்டையிலும் டில்லியிலும் என்றைக்கோ நிறைவேறியவை. சட்டம் இருக்கிறது, ஏட்டிலே. ஹாரனும் இருக்கிறது, காதிலே! சட்டப் புத்தகம் அலமாரியிலே உறங்குகிறது. அதனால்தான் நாம் உறங்க முடியவில்லை!

இது ஒரு பாதி. மறு பாதிக்கு வருவோம். கீரைக்காரரைத் தடை செய் என்றாரே மாடி வீட்டுக்காரர். அவர் கேட்டது என்ன? விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, சந்தைக்குப் போய், கீரைக்கட்டைத் தலையில் சுமந்து, வண்டியில் அடுக்கி, ஃபேர்லேண்ட்ஸ் வரை தள்ளிக்கொண்டு வந்த ஒரு மனிதனின் குரலை! அந்தக் குரல் தொந்தரவு அல்ல, அது அவன் அடுப்பு எரிவதற்கான குரல். 2014இல் நாடாளுமன்றமே தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றி, அவன் பிழைப்புக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியிலே விடாமல் ஒலிக்கிறானா? “அண்ணே, கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க” என்று சொல்லுங்கள், குறைப்பான். அதற்கு ஒரு சட்டம் தேவையில்லை, ஒரு “அண்ணே” போதும்!

பஸ்ஸிலே பெண்கள் கூட்டம் என்றாரே இன்னொருவர். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களிலே பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. அன்று முதல் அந்தப் பஸ்ஸிலே ஏறுகிறவர்கள் யார்? கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். ஜவுளிக் கடையிலே நாளெல்லாம் நின்றே வேலை செய்யும் பெண். அந்த மாடி வீட்டிலேயே பாத்திரம் துலக்கப் போகும் அம்மா! அவர் வந்து சேராவிட்டால் அந்த வீட்டில் காலைக் காப்பிக்கு டம்ளர் இருக்காது. அவர் பஸ்ஸில் ஏறினால் எரிச்சல்; வேலைக்கு வராவிட்டாலும் எரிச்சல்!

தோழர்களே, இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். எரிச்சல் என்பது எப்போதும் நியாயத்தின் குரலாக இருப்பதில்லை. சில நேரங்களில் அது ஆதிக்கத்தின் குரல். நம் நாட்டு வரலாறே அதற்குச் சாட்சி.

1930இல் இராமநாதபுரம் சீமையிலே ஆதிக்கக்காரர்கள் கூடி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அவை என்னென்ன தெரியுமா? பொன் நகை, வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது. சட்டை போடக்கூடாது, பனியன் போடக்கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வீட்டிலே புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கை அணியக்கூடாது, பூச் சூடக்கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலிலே செருப்புப் போடக்கூடாது! ஹட்டன் என்ற ஆங்கிலேயர் சாதி பற்றிய தம் நூலிலே இவற்றை எண்ணிட்டு எழுதி வைத்திருக்கிறார். ஒருவன் தன் தலைக்குமேல் ஒரு குடை பிடித்தால் இன்னொருவனுக்கு என்ன வலித்தது? ஒன்றும் வலிக்கவில்லை, எரிச்சலாக இருந்தது! அதைத் தடை செய்யத் தன்னிடம் அதிகாரமும் இருந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1924இல், வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவிலே மனிதன் நடப்பதே எரிச்சலாக இருந்தது. நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார்.

“எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே தடை செய்” என்ற குரலைக் கேட்டால், அந்தத் தடைகளையெல்லாம் முதுகிலே சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் ஒரு கணம் நின்று கேட்க வேண்டும். இந்த எரிச்சல் யாருடையது? தடை யார் தலையிலே விழும்? வலியவனின் அத்துமீறலைத் தடுக்கிறதா, எளியவனின் வாழ்வைத் தடுக்கிறதா? முதலாவது நீதி, இரண்டாவது பழைய தீண்டாமை புதிய சட்டை போட்டுக்கொண்டு வருவது!

சரி, இனி வாயை மூடிக்கொண்ட நண்பரிடம் வருவோம்.

அவர் ஏன் மூடிக்கொண்டார்? துண்டைக் கண்டு பயந்தார். நம் துண்டைக் கண்டு! மானத்தைக் காக்கத் தோளிலே போட்ட துண்டு அது. மக்கள் வாயைக் கட்டவா அதைப் போட்டோம்?

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறோம், நாமும் குற்றவாளிதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுக்கூட்டம். நம் தோழர்கள் ஒரு மருத்துவமனை வாசலருகே இருபதடி பேனர் நிறுத்தினார்கள். தலைவர் படம் பெரிதாக. அதற்குக் கீழே அஞ்சல்தலை அளவிலே வரிசை வரிசையாகப் படங்கள். அவற்றிலே நம் படமும் ஒன்று. பெருமையோடு நின்று பார்த்துக் கொண்டிருந்தோம். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், தோளிலே காய்ச்சல் கண்ட குழந்தை, நம்மிடமே வந்து கேட்டார்: “ஐயா, ஆஸ்பத்திரி எங்கே இருக்குதுங்க?” பத்தடி தூரத்திலே இருந்தது ஆஸ்பத்திரி! அதன் பெயர்ப் பலகையை மறைத்துக்கொண்டு நம் முகம் சிரித்துக் கொண்டிருந்தது.

அன்று அந்தத் தாய்க்கு வழிதான் தவறியது. இன்னொரு வீட்டிலே உயிரே போனது. 2019 செப்டம்பர் 12. சென்னை பள்ளிக்கரணை. ஓர் அரசியல் கட்சிக்காரர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவே வைத்த பேனர், ஸ்கூட்டரில் வந்த 23 வயது மென்பொறியாளர்மீது சரிந்தது. அவர் சாலையிலே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்த பெண். அனுமதி பெறாத பேனர் அது. அதைத் தடுக்கும் சட்டமும் இருந்தது, அதிகாரியும் இருந்தார். அந்தப் பெண்தான் இல்லாமற் போனார். அதன் பிறகு கட்சிகள் எல்லாம் “இனிமேல் பேனர் வைக்காதீர்” என்று அறிக்கை விட்டன. அறிக்கையின் மை உலர்ந்தது. இன்று தெருவைப் பாருங்கள்! எந்தக் கட்சி வைத்தது என்று கேட்டு நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். காற்றுக்குக் கட்சி தெரியாது. சாய்கிற சட்டம் கரை வேட்டியின் நிறம் பார்த்துச் சாய்வதில்லை.

ஒரு காலம் இருந்தது. நம் பேச்சாளர்கள் நள்ளிரவு தாண்டியும் பேசினார்கள். மக்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, மாட்டு வண்டி பூட்டிக்கொண்டு வந்து கேட்டார்கள். அன்று மக்கள் குரலைத் தேடி வந்தார்கள். இன்று குரல் மக்களைத் துரத்துகிறது! தேடி வந்து கேட்டவர்கள் நம்மை ஆட்சிக்கட்டிலில் அமர்த்தினார்கள். துரத்தப்படுகிறவர்கள் என்ன செய்வார்கள்? தேநீர்க் கடையிலே வாயை மூடிக்கொள்வார்கள். வாக்குச்சாவடியிலே மூடிக்கொள்ள மாட்டார்கள்!

அப்படியானால் தடைச் சட்டமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. தடையால் ஆவது எது, ஆகாதது எது என்பதைச் சேலத்துக்காரனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1937 அக்டோபர் 1ஆம் நாள், சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்திலேதான். போர்க்காலத்திலே விலக்கப்பட்டது, 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டும் வந்தது, பிறகும் போனது. சட்டம் வந்து வந்து போயிற்று. கள்ளுக்கடைக் கதவைச் சட்டத்தால் சாத்தலாம். மனக்கதவைத் திறக்கச் சட்டத்தால் மட்டும் ஆவதில்லை.

“சிங்கப்பூரைப் பார்” என்பார்கள். பார்ப்போம். 1992இல் அங்கே சூயிங்கம் விற்பனைக்கே தடை விதித்தார்கள். மென்று துப்பியதை ரயில் கதவுகளிலே ஒட்டினார்கள், கதவு மூடவில்லை என்பது காரணம். தடை நின்றது. ஏன் நின்றது? இறக்குமதியாளனும் வியாபாரியும் அதிலே அடங்கினார்கள். தெருவைத் தூய்மையாக வைக்கத் தொட்டியும் வைத்தார்கள், துடைக்க ஆளும் போட்டார்கள். அந்த ஆட்களிலே நம் தமிழர்களும் உண்டு. இங்கே என்ன நடக்கிறது? கழிவை மனிதன் கையால் அள்ளும் கொடுமைக்கு 1993இல் ஒரு தடைச் சட்டம், 2013இல் இன்னொரு தடைச் சட்டம். இரண்டுக்கும் பிறகும் மனிதர்கள் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி மூச்சு முட்டி மாண்டிருக்கிறார்கள். ஹாரனைத் தடுக்கும் சட்டம் தூங்கினால் காது வலிக்கும். இந்தச் சட்டம் தூங்கினால் தாலி அறும்! தடைகளை ஏட்டிலே குவித்துவிட்டு அவற்றை மீறிப் பழகிய நாட்டிலே, சின்னத் தடையை மீறும் துணிச்சல் பெரிய தடையை மீறுவதற்குப் பாலபாடம் ஆகிறது. அதனால்தான் சில்லறை என்று ஒதுக்கவேண்டாம் என்கிறோம்.

அந்த இரவு விதியின் கண்ணுக்குத் தெரியாத ஒரு மனிதனையும் நினைத்துப் பாருங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி என்கிறது விதி. இரவு முழுவதும் ஆலையிலே கண்விழித்தவன் காலை ஏழு மணிக்கு வீடு வந்து படுக்கிறானே, அவன் இரவு எப்போது? பகல் பத்து மணிக்கு அவன் குடிசை வாசலிலே காதுகுத்துக்கு ஒலிபெருக்கி கட்டினால் அந்த இரவு விதியின்கீழ் அவன் புகார் கொடுக்க முடியுமா? அவனுக்கு அந்த இரவு விதி துணை இல்லை. பக்கத்து வீட்டுக்காரனின் மனிதத்தனம்தான் பெரிய துணை. “அண்ணன் ராத்திரி வேலைக்குப் போய்ட்டு வந்து தூங்குது, பாட்டை நிறுத்துடா” என்று ஒரு பையன் சொல்லும் தெருதான் நாகரிகம் உள்ள தெரு. மாடி வீடு இருந்தால் மட்டும் அது நாகரிகத் தெரு ஆகிவிடாது.

ஆகவே நாம் கேட்பது ஒன்றுதான். பிறர்க்குத் தடை கேட்குமுன், நமக்கு நாமே தடை விதித்துக்கொள்வோம்! இது நமக்குப் புதிதா? 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே, பெயரின் வாலிலே தொங்கிய சாதிப் பட்டத்தைத் தாங்களாகவே வெட்டி எறிந்தார்கள் நம் முன்னோர். எந்தச் சட்டம் சொல்லிச் செய்தார்கள்? 1944 ஆகஸ்டில், இதே சேலத்திலே, நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாட்டிலே, வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களையும் பதவிகளையும் துறக்க வேண்டும் என்று அண்ணாதுரை தீர்மானம் கொண்டுவந்தார். ராவ் பகதூர்களும் திவான் பகதூர்களும் நிறைந்திருந்த கட்சியிலே! ஊருக்குத் தடை போடவில்லை அந்தத் தீர்மானம். தனக்குத்தானே தடை போட்டுக்கொண்டது. அதனால்தான் ஊர் அதன் பின்னால் வந்தது.

பட்டத்தைத் துறந்தவர்களின் வாரிசுகளால் ஒரு பேனரைத் துறக்க முடியாதா? வாலை வெட்டியவர்களின் பிள்ளைகளால் ஒலிபெருக்கியின் காதைத் திருக முடியாதா?

கிளைக் கழகத் தோழர்களே! அடுத்த கூட்டம் நடத்துமுன் மூன்றே காரியம் செய்யுங்கள். சாலையிலே குழி தோண்டாதீர்கள், பேனர் நிறுத்தாதீர்கள். அந்தப் பணத்திலே தெருமுனைப் படிப்பகத்துக்கு நாளிதழ் வாங்கிப் போடுங்கள். மணி பத்து அடித்தால் மைக்கை நிறுத்துங்கள். பேசிக்கொண்டிருப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. கூட்டம் முடிந்ததும் கொடிக்கயிற்றையும் குப்பையையும் நீங்களே அள்ளுங்கள். துப்புரவுத் தொழிலாளியின் முதுகிலே உங்கள் விழாவின் மிச்சத்தை ஏற்றாதீர்கள். இவற்றைச் செய்துவிட்டு, அதன்பின் கீழே இறங்கிப் போய் ஹாரன் அடிப்பவனைக் கேளுங்கள், துப்புகிறவனைக் கேளுங்கள், சட்டத்தை உறங்கவிட்ட அதிகாரியைக் கேளுங்கள். கேட்கும் உரிமை அப்போது உங்களுக்கு வரும்.

ஃபேர்லேண்ட்ஸ் என்ற ஆங்கிலப் பெயரைத் தமிழிலே அழகிய நிலம் என்று சொல்லலாம். அந்த முதற்சொல்லுக்கு ஆங்கிலத்திலே நியாயம் என்றும் ஒரு பொருள் உண்டு. மாடிகளால் அந்த நிலம் அழகு பெற்றுவிட்டது. கீரைக்காரரின் குரலுக்கு இடம் விட்டு, ஹாரன்காரனின் கையைத் தடுத்து, கட்சிக்காரனின் பேனரை அவனே கழற்றும் நாளிலேதான் அது நியாய நிலமும் ஆகும்.

அடுத்த முறை அந்தத் தேநீர்க் கடைக்குப் போவோம். அதே துண்டைத் தோளிலே போட்டுக்கொண்டுதான் போவோம். அந்த நண்பர் அதைப் பார்த்த பிறகும் வாயை மூடாமல், நம் முகத்துக்கு நேரே நம் குறையைச் சொல்ல வேண்டும். அப்படி அவர் சொல்லும் நாளிலேதான் நம் துண்டுக்குப் பெருமை!